சகலைகளின் கார்கள் வேர்விட்ட வருடம்

அலுவலக வளாகத்தில் முதலில் வேர்விட்டது மூத்த சகலையின் சாம்பல் நிறக் கார். மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை மாலை அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமியது, வண்டி ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது, ஆனால் நகரவில்லை. அழைத்ததும் வந்த மெக்கானிக் கீழே ஒரு அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். நான்கு சக்கரங்களிலிருந்தும் விரல் தடிமனில் வேர்கள் கிளம்பி, தார்த்தரையைப் பிளந்து உள்ளே இறங்கியிருந்தன. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பிரேக் தேய்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில், "சார், வேர் புடிச்சிருச்சு. இப்ப இழுத்தீங்கன்னா வண்டி பட்டுப்போயிடும்" என்றார்.

மூத்த சகலை அந்த வளாகத்தின் முதல் கட்டடத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுக்கு மேலாளர். லேசில் எதையும் நம்பாத மனிதர். உடைந்த கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினால், உடைவதற்கு முன் எடுத்த படம் எங்கே என்று கேட்பார். இளைய சகலை எதிர்க் கட்டடத்தில் அட்டைப்பெட்டிகள் வடிவமைப்பவர், வாய் ஓயாதவர். எதைப் பார்த்தாலும் அதை எப்படி மடித்து எந்த அளவுப் பெட்டிக்குள் அடக்கலாம் என்று யோசிப்பார். அக்காவும் தங்கையும் இவர்களைக் கட்டிக்கொண்டு ஒரே அடுக்ககத்தில் குடியிருந்தார்கள், அக்கா நான்காம் தளத்தில், தங்கை இரண்டாம் தளத்தில். ஒரு காலத்தில் சகலைகள் இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். மாமனாரின் பணி ஓய்வு விழா அன்று மூத்தவர் ஓட்ட, எனக்குக் குறுக்கு வழி தெரியும், இடதுபக்கம் திருப்புங்கள் என்று இளையவர் சொல்ல, கார் ஒரு கல்குவாரியின் விளிம்பில் போய் நின்றது. அவர்கள் வழி தேடிப் போய்ச் சேர்ந்தபோது, மாமனார் பரிசாகக் கிடைத்த கடிகாரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். இடது என்று சொன்னவர்மேல் தப்பா, யோசிக்காமல் திருப்பியவர்மேல் தப்பா என்ற பேச்சு முற்றி, பேச்சே நின்றுபோனது. அன்றிலிருந்து இரண்டு கார். ஒரே வாசலில் கிளம்பி, ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக ஊர்ந்து, பக்கத்துப் பக்கத்து இடத்தில் நின்றன. சிக்னலில் இரண்டும் இணையாக நிற்கும்போது இருவரின் உதடுகளும் அசைவதைப் பார்த்தவர்கள், ரேடியோவோடு சேர்ந்து பாடுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்கள். அக்காவும் தங்கையும் யார் வீட்டுக்கும் யாரும் போகாமல், மூன்றாம் தளத்துப் படிக்கட்டில் பாதி வழியில் சந்தித்துப் பேசினார்கள். மூன்றாம் தளத்துக்காரர்கள் பாவம் பார்த்து அவர்களுக்காக ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்கள்.

புதன்கிழமை வாய்விட்டுச் சிரித்த இளைய சகலையின் சிவப்புக் கார் வியாழக்கிழமை வேர்விட்டது. அடுத்த வாரத்துக்குள் கண்ணாடிக் கட்டடங்களைச் சுற்றி நின்ற கார்கள் வரிசை வரிசையாக ஊன்றிக்கொண்டன. மண் பரிசோதனைக்காரர்கள் வந்து தாரைத் தோண்டி, முகர்ந்து, நல்ல மண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் ஒன்று தெளிவாயிற்று. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வந்த கார்கள் மாலையில் ஒழுங்காக வீடு திரும்பின; ஒற்றை ஆளைச் சுமந்து வந்தவை மட்டுமே வேர்விட்டன. விஷயம் தெரிந்ததும் ஒருவர் துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை மாட்டி, பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கூட்டிவந்தார். இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் கார் வேர்விட்டதோடு பொம்மையின் சுண்டுவிரலிலும் ஓர் இலை துளிர்த்திருந்தது.

வளாக நிர்வாகியாக இருந்த பெண்ணை எல்லோரும் போஸ்டர் மேடம் என்றுதான் சொல்வார்கள். சேர்ந்து வாருங்கள், பேருந்தில் வாருங்கள், சைக்கிளில் வாருங்கள் என்று லிஃப்ட் கதவுகளில்கூட அவர் ஒட்டிய போஸ்டர்களை வருடக்கணக்கில் யாரும் படித்ததில்லை. அவர் சண்டைபோட்டு வாங்கிய மின்சாரப் பேருந்து நகரத்துக்கும் வளாகத்துக்குமாகக் காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது. காலியாக இருந்த குறையைத் தீர்க்க டிரைவர் உரக்கப் பாடிப் பழகி, நல்ல பாடகராகவே ஆகிவிட்டிருந்தார். இப்போது அந்தப் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. பத்து வருடமாக ஒரே லிஃப்டில் செருப்பைப் பார்த்தபடி ஏறி இறங்கியவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் பையை வைத்துக்கொண்டு பெயர் கேட்டுக்கொண்டார்கள். நிரல் எழுதுகிறவர்கள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசி இருக்கையில் ஒருவர் முடி வெட்டினார். பேருந்து வளையும்போதெல்லாம் கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. பேருந்து வளாகத்துக்கு வந்து நின்றாலும் பேச்சு முடியாததால் யாரும் இறங்க மாட்டார்கள். டிரைவர் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு சுற்று அடித்துவிட்டு வருவார். மேலதிகாரிகள் முதலில் முறைத்தார்கள், பிறகு அவர்களும் ஏறிக்கொண்டு கூட்டங்களைப் பேருந்திலேயே நடத்தினார்கள்.

சகலைகள் மட்டும் மாறவில்லை. ஒருவர் முன் படியில் ஏறினால் மற்றவர் பின் படியில் ஏறினார். சின்னவர் முன்னால் உட்கார்ந்து பேசினால் பெரியவர் பின்னால் நின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ சரிபார்ப்பார்.

இதற்குள் கார்கள் வளர ஆரம்பித்திருந்தன. சக்கரங்கள் அடிமரமாகத் திரண்டு, வண்டிகள் முதலில் இடுப்பளவும் பிறகு ஆள் உயரமும் எழும்பின. வைப்பர்கள் கொடியாகச் சுருண்டன. பக்கவாட்டுக் கண்ணாடிகள் தளிர் விட்டன. சாம்பல் காரும் சிவப்புக் காரும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு ஒரே மரமாக வளர்வதைக் கண்ட போஸ்டர் மேடம், சகலைகளின் இரண்டு கம்பெனிகளுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, பிரிக்க முடியாது என்று அறிவித்துவிட்டார். மூத்த சகலைக்கு மட்டும் தன் காரை விட மனம் வரவில்லை. தினமும் மதியம் ஏணி போட்டு ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்மேல் டப்பாவை வைத்துச் சாப்பிடுவார். யாரும் எதையும் கேட்காத ஓர் இடம் அவருக்கு உலகத்தில் அதுதான் இருந்தது.

வெயில் பளிச்சென்று அடித்த ஒரு மதியம், அவர் கடைசிக் கவளத்தை வாயில் வைத்தபோது மரம் ஒரே மூச்சில் வளர்ந்தது. ஏணி சரிந்தது. கார் முதல் தளம், இரண்டாம் தளம் என்று லிஃப்டைப் போல நிதானமாக ஏறி, ஆறாம் தளத்தின் உயரத்தில் போய் நின்றது. கதவுகளின்மேல் மரப்பட்டை மூடிக்கொண்டது, ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. வந்த வேகத்தில் அதன் ஏணி மரத்தின் கிளைகளுக்குள் சிக்கிக்கொண்டது. கீழே கூட்டம் கூடியது. பட்டை கண்ணெதிரே தடித்துக்கொண்டிருந்தது. அந்த ஜன்னலும் மூடிக்கொண்டால் மனிதர் கொட்டைக்குள் பருப்பாகிவிடுவார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

எதிர்க் கட்டடத்தில் ஆறாம் தளத்து ஜன்னலைத் திறந்து, இளைய சகலை ஒரு காலை வெளியே வைத்தார். சிவப்புக் காரின் கிளை ஒன்று அந்த ஜன்னல்வரை நீண்டிருந்தது. இடுப்பில் பெட்டி கட்டும் நாடாவைச் சுற்றிக்கொண்டு, கீழே பார்க்காமல், அவர் கிளைமேல் தவழ்ந்து வர ஆரம்பித்தார். பாதி வழியில் கிளை இரண்டாகப் பிரிந்தது. அங்கே தயங்கி நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு மூத்த சகலை அவரிடம் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"வலது பக்கம் வாங்க! இடது காய்ஞ்ச கிளை!"

"எனக்குத் தெரியும்!"

"என்னத்த தெரியும்? அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க!"

இளைய சகலை கொஞ்ச நேரம் கிளையைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்தார். பிறகு வலது பக்கம் திரும்பினார். ஜன்னலை எட்டியதும் மூத்தவரின் தோள்களை அளவெடுப்பதுபோல் பார்த்து, "கையத் தலைக்கு மேல தூக்குங்க, மூச்ச வெளிய விடுங்க, குறுக்க திரும்புங்க. எதுவும் நேரா போகலன்னா குறுக்க போகும்" என்று சொல்லி, அவரை மடித்துச் சுருட்டி வெளியே உருவியெடுத்தார். சட்டை கிழிந்தது. அடுத்த நிமிடம் ஜன்னல் மூடிக்கொண்டது. வந்த கிளை இரண்டு பேரைத் தாங்காது என்பதால், இருவரும் காரின் கூரைமேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏதாவது பேசுங்க, சகல" என்றார் இளையவர்.

"என்ன பேச? உங்ககிட்ட பேச வேண்டியதெல்லாம் தெனமும் கார்லயே பேசிட்டேன்."

"நீங்களுமா?"

மூத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"சிக்னல் வந்தா போதும், நானே நீங்களாவும் பேசுவேன், நானாவும் பேசுவேன்" என்றார் இளையவர். "அதுல நீங்க எப்பவும் தோத்துடுவீங்க."

"என் கார்லயும் நீங்கதான் தோப்பீங்க" என்றார் மூத்தவர். அப்படிச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்க மறுத்தது, கண்ணில் நீர் வந்தது, மரம் குலுங்கியது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை; இருவரும் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேலே போனவர்களை இறக்க வழி சொன்னவர் போஸ்டர் மேடம். எல்லாக் கட்டடங்களின் ஜன்னல் திரைகளையும் கழற்றிவரச் சொன்னார். பேருந்தில் பழகியவர்கள் ஆளுக்கொரு ஸ்டேப்ளருடன் ஓடிவந்து, எட்டு மடங்கு கனத்தில் அவற்றை ஒரே விரிப்பாகச் சேர்த்தார்கள். டிரைவர் பேருந்தைக் குறுக்கே நிறுத்தி ஒரு முனையை அதன் கூரையில் கட்டினார். மற்ற முனைகளை வளாகமே பிடித்துக்கொண்டது. காப்பீட்டுக்காரர்களும் நிரல் எழுதுகிறவர்களும், பெட்டிக்காரர்களும் அவர்களுடைய மேலதிகாரிகளும் தோளோடு தோள் நின்றார்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து குதிங்க! ஒருத்தர் மட்டும் குதிச்சா துணி ஒரு பக்கம் இழுத்துக்கும்!" என்று மேடம் ஒலிபெருக்கியில் கத்தினார். சகலைகள் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள். திரை அவர்களைத் தாங்கி மூன்று முறை மேலே எறிந்தது. மூன்றாவது முறை இருவரும் விருப்பப்பட்டே போனார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு வளாகத்தில் பாதிப் பேர் வரிசையில் நின்று தாங்களும் குதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். மாலைவரை அதுதான் நடந்தது. யாரும் அன்று வேலை பார்க்கவில்லை.

அன்று மாலை பேருந்தில் ஏறாமல், வரவேற்பறையில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளைச் சகலைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, ஒரே சைக்கிளில் முன்னும் பின்னுமாகக் கிழிந்த சட்டையும் கசங்கிய சட்டையும் வருவதைப் பார்த்தாள். "அடியே, ஓடி வாடி!" என்று இரண்டாம் தளத்தைப் பார்த்துக் கத்தினாள். தங்கையும் பின்னாலேயே அக்காவும் தரைத்தளம் வரைக்கும் மூச்சிரைக்க ஓடினார்கள். சைக்கிளிலிருந்து இறங்கிய இரண்டு ஆண்களும் முன் இருக்கை யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இருவரும் அதைக் கேட்டபடி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவு இனிமையாக இருந்தது அந்தச் சண்டை.

வளாகத்தின் முதலாளிகள் மூன்று பேர். மரங்களை வெட்டிவிட்டு அங்கே ஏழு அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டுவது என்று முடிவெடுத்து, இடத்தைப் பார்க்க வந்தார்கள். ஒருவரையொருவர் நம்பாததால் மூன்று நீண்ட கார்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு தனித்தனியாக வந்தார்கள். நிழலில் நின்று எங்கே வெட்டுவது, எங்கே தூண் வைப்பது என்று விரிவாகப் பேசினார்கள். பேசி முடித்துத் திரும்பியபோது கார்கள் மூன்றும் ஊன்றிக்கொண்டிருந்தன. ஒன்றில் மொட்டுகூட வைத்திருந்தது. வேறு வழியில்லாமல் பேருந்தில் ஏறினார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது மூத்த முதலாளி இரண்டாவது சரணத்தை டிரைவரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். வெட்டும் பேச்சு அதோடு முடிந்தது.

வருடங்கள் ஓடின. மரங்கள் வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்து, கோடையில் சைக்கிள் மணிகளைக் காய்த்தன. காற்றடிக்கும் நாட்களில் வளாகம் முழுக்கக் கிணுகிணுவென்று ஒலித்ததால் தொலைபேசியில் பேசுகிறவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகினார்கள். பழுத்து விழுந்ததைப் பொறுக்கி ஆளுக்கொன்று தங்கள் சைக்கிளில் மாட்டிக்கொண்டார்கள். காயாகப் பறித்தால் சத்தம் வராது. உயரத்துக் கார்களின் டிக்கிகளில் கிளிகள் குடும்பம் நடத்தின. வேலைக்கு நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் கார் இருக்கிறதா என்று கேட்பது நின்று, பாடத் தெரியுமா என்று கேட்பது வழக்கமாயிற்று.

பிற ஊர்களின் அலுவலக வளாகங்களிலிருந்தும் இப்போது ஆட்கள் வருகிறார்கள். சாலைகளில் திணறிப்போய், எங்களுக்கும் ஒரு கிளை கொடுங்கள் என்று வரிசையில் நிற்கிறார்கள். போஸ்டர் மேடம் கண்ணாடி முளைத்த நல்ல கிளையாகப் பார்த்துச் சாய்வாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கையில் கொடுக்கிறார். தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள்.

"அளவா ஊத்துங்க போதும்" என்பார் மேடம். "பெட்ரோல் மட்டும் கிட்டயே கொண்டுபோகாதீங்க, இலையெல்லாம் கருகிடும்."

அவர்கள் தலையாட்டி, கிளையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறிப் போகிறார்கள்.