இரண்டு பேருக்கான பலகை

முன்பெல்லாம் கடைக்குள் நுழைந்தால் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். இப்போது உன் எடை எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஜனங்களும் வெட்கமில்லாமல் சொல்கிறார்கள். எடை எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ராத்திரி தூங்கினது எத்தனை மணி நேரம், எல்லாம் பின்னால் நிற்கிறவன் காதில் விழும்படி சொல்கிறார்கள். மனுஷனுக்கு மறைத்து வைக்க ஒன்றாவது வேண்டாமா? கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று ஒருவனும் யோசிப்பதில்லை.

என் பெயர் வல்தொமிரோ. பிரசீலியாவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. நான் படித்ததெல்லாம் வண்டியில்தான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு தகடு அடித்திருப்பார்கள், உட்கார்ந்து இத்தனை பேர், நின்றுகொண்டு இத்தனை பேர் என்று. அந்தத் தகட்டை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. மதித்திருந்தால் பாதி ஊர் வேலைக்குப் போயிருக்காது. அதில் எழுதியிருந்ததைப் போல இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டு மேடேறியிருக்கிறேன். வண்டி ஒரு நாளும் படுத்ததில்லை. எழுதி வைத்த கணக்கு அதிகாரிகளுக்கு, தாங்குகிற கணக்கு வேறு. இதுதான் என் படிப்பு.

என் மனைவி லிண்டவுரா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். எங்கள் வீட்டிலிருந்து பரனோவா ஏரிக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் போய்க் கரையில் உட்கார்ந்து வேகவைத்த மக்காச்சோளம் தின்றுவிட்டு வருவோம். தண்ணீரில் துடுப்புப் பலகைகள் போகும். ஒருத்தன் நின்று துடுப்புப் போடுவான், அவன் காலடியில் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். லிண்டவுரா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சோளம் கையிலேயே ஆறிப்போகும்.

ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"கிழவா, அந்த மாதிரி ஒண்ணு வாங்குவோம்."

"எதுக்கு? இங்கருந்து பாத்தா தண்ணி தெரியலையா?"

"தண்ணி தெரியுது. சூரியன்தான் தெரியல. கரையில உக்காந்தா அது நம்ம முதுகுக்குப் பின்னாடி விழுது. நடு ஏரிக்குப் போனாத்தான் மூஞ்சிக்கு நேரா விழும்."

"எதிர்க்கரைக்கு பஸ் போகுது. அங்க உக்காந்து பாரு."

"பஸ்ஸா? போதும்ப்பா உன் பஸ்ஸு. ஊரையே ஏத்திக்கிட்டுச் சுத்தினியே, என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கியா?"

"ஏன், என் வண்டியில வரலையா நீ?"

"வந்தேன். டிக்கெட் எடுத்துட்டு வந்தேன். உன் பிடரியப் பாத்துக்கிட்டே நின்னுக்கிட்டு வந்தேன்."

சோளத்தைக் கடித்தேன்.

"அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாள்," என்றாள். எங்கள் ஊரில் காதலர்கள் கொண்டாடுகிற நாள் அது. "நீ நின்னு ஓட்டு. நான் முன்னால உக்காந்துக்கறேன். நடு ஏரியில சூரியன் விழறதப் பாத்துட்டு வந்துருவோம். அவ்ளோதான் நான் கேக்கறது."

கடைக்குப் போனோம். கட்டைப் பலகை எங்கள் சந்துக்குள் திரும்பாது. அதனால் காற்றடிக்கிற பலகை. சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். நிற்க, உட்கார, தூண்டில் போட என்று எல்லாவற்றுக்கும் ஆகிற ரகத்தில் இரண்டு அளவு வைத்திருந்தார்கள். பத்தரை அடி ஒன்று, பதினொன்றரை அடி ஒன்று. விற்கிற பையன் பெயர் கவே. காதில் கடுக்கன்.

"யாரு ஏறப் போறீங்க?" என்றான்.

"ரெண்டு பேரும். ஒண்ணா," என்றாள் லிண்டவுரா.

"எடை சொல்லுங்க, பலகை சொல்றேன்."

"அறுபத்திரண்டு!" என்றாள் அவள். சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல். கடை முழுக்கக் கேட்டது.

பையன் என் பக்கம் திரும்பினான். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுகாதார நிலையத்து டாக்டரம்மா என்னை எடை குறைக்கச் சொல்லியிருந்தாள், காலையில் நடக்கச் சொல்லியிருந்தாள். நானும் தினமும் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவேன். நேராகப் பேக்கரிக்கு. அங்கே ஓய்வு பெற்ற ஓட்டுநர்களெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். சீஸ் உருண்டை சூடாக வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குத் திரும்பி, குறைகிறது குறைகிறது என்று லிண்டவுராவிடம் சொல்லிக்கொண்டே வந்ததில் என் எடை எழுபத்தாறில் வந்து நின்றிருந்தது.

"எழுபத்தாறு," என்றேன்.

பையன் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்த மூலையில தராசு இருக்கு. ஏறிப் பாத்துட்டா..."

"நான் என்ன மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கேன்?"

லிண்டவுரா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த துடுப்பைப் பார்த்தாள்.

இரண்டையும் கூட்டினால் நூற்று முப்பத்தெட்டு. சின்னப் பலகை தாங்குவது நூற்று நாற்பது என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

"அப்ப சின்னதே போதும்," என்றேன்.

"ஐயா, நூத்தி நாப்பதுன்னா அது வரைக்கும் மூழ்காதுன்னுதான் அர்த்தம். நல்லாப் போகும்னு இல்ல. ரெண்டு பேர்னா பெருசு எடுங்க. நீளமும் கூட, அகலமும் கூட. நடுவுல தொய்யாது, ஆடாது. நீங்க வேற நின்னு ஓட்டணும்கிறீங்க."

"பெருசு எடுத்தா உனக்கும் பெருசாக் கிடைக்கும், இல்ல?"

"எனக்கு எதை வித்தாலும் ஒண்ணுதான்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வான். தம்பி, நான் பஸ் ஓட்டினவன். எழுதி வெச்சிருக்கறதுக்கு மேல ரெண்டு மடங்கு ஏத்தினவன். எனக்கு நீ பாடம் எடுக்காத."

அவன் லிண்டவுரா பக்கம் திரும்பினான். "தோனா, நீங்க என்ன சொல்றீங்க?" அம்மா என்கிற மரியாதைக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஓட்டப் போறது அவரு. அவரே சொல்லட்டும்," என்றாள்.

சின்னதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் காற்று அடங்கியிருந்தது. ஏரிக்கரையில் ஊதாப் பூ மரங்கள் இலையே இல்லாமல் பூத்து நின்றன. லிண்டவுரா நீலக் கவுன் போட்டுக்கொண்டு, தலைக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு டப்பாவில் சோளப் பாயசம், பிளாஸ்கில் காப்பி. நான் பம்பு அடித்தேன். பம்பில் காற்றளவு காட்டுகிற முள் பாதி தாண்டுவதற்குள் என் தோள் விட்டுப்போயிற்று. போதும், கல்லு மாதிரி இருக்கிறது என்றேன்.

அவள் முன்னால் உட்கார்ந்தாள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. நான் பின்னால் ஏறி நின்றேன். நின்றேன் என்றா சொன்னேன்? முழங்காலை நிமிர்த்துவதற்குள் பலகை நடுவில் தொட்டில் மாதிரி இறங்கியது. முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டது. தண்ணீர் மேலே ஏறி அவள் கவுனை நனைத்தது. டப்பா மிதந்து போயிற்று. கரையில் மேய்ந்துகொண்டிருந்த கப்பிவாராக் கூட்டம், பன்றி அளவு எலிகள், தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு வாலிபன் தன் பலகையில் போகிற போக்கில் கத்தினான்:

"தாத்தா, அது என்ன நீர்மூழ்கிக் கப்பலா?"

நான் இறங்கிவிட்டேன். இடுப்பளவு தண்ணீர். நான் இறங்கியதும் பலகை நிமிர்ந்துகொண்டது, என்னைத் துப்பிவிட்ட மாதிரி. அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் காத்தடிச்சுப் பாப்பமா?" என்றாள்.

"வேணாம். நீ போயிட்டு வா."

"தனியாவா? எனக்கு எங்க தெரியும்?"

"போ. இருட்டறதுக்குள்ள போ."

மண்டி போட்டுக்கொண்டு, துடுப்பை அப்படியும் இப்படியும் மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். வளைந்து வளைந்து போனாள், ஆனாலும் போய்விட்டாள். நான் கரையேறி நனைந்த கால்சட்டையோடு நின்றேன். சூரியன் என் முதுகில் விழுந்தது. அங்கே தூரத்தில் அவள் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை, மஞ்சள் துணி மட்டும் தெரிந்தது. காப்பி பிளாஸ்க் என்னிடம் இருந்தது.

பெரியதாக வாங்கியிருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. எடை குறைந்ததும் ஏறிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். பேக்கரிக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. கரையில் மர்லூசியா என்று ஒருத்தி இருக்கிறாள், செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளோடு ஒரு பெண்கள் கூட்டம். லிண்டவுராவுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். நின்றுவிட்டாள். முள் கடைசி வரை போகும்படி தானே காற்றடிக்கவும் பழகிக்கொண்டாள். நான் சோள வண்டி அருகே உட்கார்ந்திருப்பேன். முதலில் எனக்குக் கையாட்டிவிட்டுப் போவாள். பிறகு பெண்களோடு பேசிக்கொண்டே போய்விடுவாள். தூரத்தில் ஒரு கூட்டமாகப் புள்ளிகள் தெரியும், சிரிப்புச் சத்தம் தண்ணீர் மேல் வரும். அதில் அவள் சிரிப்பு எது என்று பிரித்துவிடுவேன். வீட்டில் கேட்காத சிரிப்பு.

"தோனா லிண்டவுரா, இந்தப் பலகை உங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு," என்று மர்லூசியா ஒரு நாள் சொன்னாள். லிண்டவுரா பலகையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தாள். அது எனக்கு முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

மறு வருஷம் அதே நாள் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான், "கிழவா, வா, இன்னிக்கு வேற ஏற்பாடு," என்று கூட்டிக்கொண்டு போனாள். கரையில் மர்லூசியா தன் பெரிய பலகையோடு நின்றிருந்தாள். வழக்கமாகத் தன் நாயை ஏற்றிக்கொண்டு போகிற பலகை, பதினொன்றரை அடி.

"இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இதுல போங்க," என்றாள் மர்லூசியா. "நான் சின்னதுல போறேன். ஐயா எவ்ளோ எடை இருப்பாரு?"

"தொண்ணூத்தேழு," என்றாள் லிண்டவுரா.

யோசிக்கவே இல்லை. கேட்டதும் சொன்னாள்.

"அப்ப தாராளமாத் தாங்கும்," என்று சொல்லிவிட்டு மர்லூசியா சின்னப் பலகையில் ஏறிப் போய்விட்டாள்.

லிண்டவுரா முழங்கால் தண்ணீரில் பெரிய பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏறு. முன்னால உக்காரு. நான் ஓட்டறேன்."

"ஓட்டறது நான்னுதானே பேச்சு?"

"அது போன வருஷத்துப் பேச்சு. நீ துடுப்பத் தொட்டாவது பாத்தியா? உக்காரு கிழவா, கீழ தள்ளிற மாட்டேன்."

நான் ஏறவில்லை. "தொண்ணூத்தேழுன்னு யாரு சொன்னா உனக்கு?"

"உன் கால்சட்டைக்குப் பொத்தான மாத்தி மாத்தித் தைக்கறது யாரு? பேக்கரிக்காரன் பொண்டாட்டி என்கூட ஸ்கூல்ல சமைச்சவ, தெரியாதா? நீ உருண்டை எத்தனை தின்னேன்னு கூடத் தெரியும்."

"கடைக்குப் போன அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

அவள் பலகையின் விளிம்பைத் தடவினாள். "நீயே சொல்லுவேன்னு பாத்தேன். பணம் கட்டற வரைக்கும் பாத்தேன். நீ முதுகுல மாட்டற வரைக்கும் பாத்தேன். நான் சொன்னா அந்தப் பையன் முன்னாடி உனக்கு அசிங்கமாப் போயிரும். அதான்."

"சின்னதுல நான் ஏற முடியாதுன்னு தெரிஞ்சே வாங்க விட்ட."

"நான் கேட்டது ரெண்டு பேருக்கு, வல்தொமிரோ." பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அபூர்வமாகத்தான் கூப்பிடுவாள். "இப்பவும் அதத்தான் கேக்கறேன். வெளிச்சம் போகுது, ஏறு."

ஏறியிருக்கலாம். பலகை அசையாமல் நின்றது, இரண்டு பேருக்கு இடம் இருந்தது. எனக்கும் அந்தச் சூரியனைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் வண்டியில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கேட்டால், அடடா, நீங்கள் நிற்பதைப் பார்க்கவே இல்லையே என்பார்கள், தேன் ஒழுகச் சொல்வார்கள். பார்த்துத்தான் இருப்பார்கள். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். தன் எடையைக் கடை முழுக்கக் கேட்கக் கத்தினவளுக்கு, என் எடையை என் காதோரம் சொல்ல வாய் வராதா?

"நீ போயிட்டு வா," என்றேன்.

"கிழவா."

"முழங்கால் வலிக்குது. போயிட்டு வா."

திரும்பி மேட்டில் ஏறினேன். சோள வண்டிக்காரன் என்னைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து நீட்டினான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பின்னால் துடுப்புச் சத்தம் வரவில்லை. அவள் இன்னும் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்று தெரிந்தது. கொஞ்சம் மெதுவாக நடந்தேன். அப்புறம் தண்ணீரில் துடுப்பு விழுகிற சத்தம் கேட்டது, ஒன்று, பிறகு இன்னொன்று. மேட்டில் ஏறும்போது வெயில் கண்ணில் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் அசிங்கத்தை நினைத்துச் சும்மா இருந்தாளாம். இருக்கலாம். நான் நம்பவில்லை.