போகவா, வேண்டாமா?

ஷாரோனுக்கு ஒரகடத்தில் கார் சீட் கவர் தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வீடு பிள்ளைப்பாக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிப்பாள். ஆறு மாதப் பயிற்சிக்குப் புனே போகிறாயா, திங்கட்கிழமைக்குள் சொல் என்று சூப்பர்வைசர் மணிகண்டபிரபு கேட்டதிலிருந்து, கர்த்தர் அவளைத் தவிர எல்லோரிடமும் பேச ஆரம்பித்துவிட்டார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரலை வைத்தாள். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று போகும் நீளமான பட்டியலில் விரல் விழுந்தது.

"பாத்தியா? உனக்குக் கண்ணாலம்னு வந்துகீது. புனேயாவது கினேயாவது!"

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்தும் ஞானம்மா ஆன்ட்டி, ஷாரோனின் தலையில் கை வைத்து ஜெபித்தார். பாதியில் கர்த்தரே பேசுவதுபோல் குரல் கனத்தது. "மகளே, போகாதே. என் சபையில் உனக்கு வேலை உண்டு."

கீபோர்டுக்கு வேறு ஆள் இல்லை என்று ஷாரோனுக்குப் புரிந்தது. ஆமென் சொன்ன கையோடு வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கும் இன்னாவோ கேட்ட மாதிரி இருந்துச்சு. இனிமே உங்க பையன் அந்தோணிராஜ்தான் கீபோர்டு வாசிப்பானாம்."

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். "அவனா? அவனுக்குக் கை தட்டவே தாளம் வராது! கர்த்தர் அப்படிச் சொல்லவே மாட்டாரு."

"அப்போ எது அவரு பேசுறது, எது நாம பேசுறதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது, ஆன்ட்டி?"

பாயில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆன்ட்டி அடுத்த பாட்டை எடுத்தார், வழக்கத்தைவிட ஒரு கட்டை மேலே.

ஜெயித்த குஷியில் வீட்டுக்கு வந்தாள். ஆனால் தான் கேட்ட கேள்வி அவளையே விடவில்லை. ஞாயிறு விடிந்ததும் மறுபடியும் முழங்காலில் நின்றாள். "ஆண்டவரே, போகவா, வேண்டாமா? ஒரே வார்த்தை போதும்."

வார்த்தை வரவில்லை. பாண்டிச்செல்வியின் முகம் வந்தது. தள்ளிவிட்டு மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே முகம்.

பாண்டிச்செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண், ஷாரோன் தரம் பார்க்கும் லைனில் தைப்பவள். இரண்டு மாதத்துக்கு முன் தையல் விட்டுப்போன கவர்கள் இருந்த கட்டை ஷாரோன் சரியாகப் பார்க்காமல் ஓகே முத்திரை குத்தி அனுப்பினாள். அவை திரும்பி வந்தபோது, "நான் பாத்தப்புறம் அவதான் இதயெல்லாம் கட்டு நடுவுல சேத்துட்டா" என்று சொல்லித் தப்பித்தாள். பாண்டிச்செல்விக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. புனே போனால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. "போ" என்ற ஒரு வார்த்தைக்காக இத்தனை நாளாகக் கர்த்தரை நச்சரித்தது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞானம்மா ஆன்ட்டியைக் கிண்டல் செய்தது நினைவு வந்து காது சுட்டது.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன்பே மணிகண்டபிரபுவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பாண்டிச்செல்வியின் ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

"அந்தப் பொண்ணு மெமோவ எடுத்துடுறேன். ஆனா உன்னை இப்போ எப்படிம்மா புனேக்கு அனுப்புறது?"

"தெரியும் சார்."

பயிற்சிக்கு அடுத்த லைன் சுகப்பிரியாவின் பெயர் போனது. ஷாரோனுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஞாயிறு வரை நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அன்று இல்லை.

மதியம் கேன்டீனில் பாண்டிச்செல்வியின் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தாள். "தப்பு என்னுதுதான். மன்னிச்சுடு. சார்கிட்ட சொல்லிட்டேன்."

பாண்டிச்செல்வி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "ஏட்டி, இதச் சொல்ல ஒனக்கு ரெண்டு மாசமா?"

"ஜெபம் பண்ணிகினு இருந்தேன். நான் ஒண்ணு கேட்டா, அவரு உன் மூஞ்சியக் காட்டுறாரு."

"என் மூஞ்சியவா?" பாண்டிச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். "ஐடி கார்டுல இருக்க மூஞ்சியா, நேர்ல உள்ளதா?"

"நேர்ல உள்ளதுதான்."

"அப்ப சரி. ஒங்க சாமிக்கு நல்ல கண்ணுதான்," என்று சொல்லி, தன் தட்டிலிருந்த அப்பளத்தைப் பாதியாக உடைத்து ஷாரோன் தட்டில் போட்டாள்.