ஒடுக்கு விழுந்த தூக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம், படம் வரைவதற்கே முழுக்குப் போட்டுவிடலாம் என்று அமுதவல்லி முடிவெடுத்தாள். அழுது புரண்டெல்லாம் இல்லை. கையில் பிரஷ்ஷோடு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள், அப்படித் தோன்றியது.

வரைந்துகொண்டிருந்தது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. கூழ் கொண்டுபோகிற ஓர் அலுமினியத் தூக்கு, பக்கத்தில் இரண்டு சின்ன வெங்காயம். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற எந்த வீட்டிலும் கிடக்கிற சாமான்தான். அவள் வரைவதெல்லாம் இந்த மாதிரிதான்: புளி, பூண்டு, அரிவாள்மணை. மயில், மாடு பக்கம் போகவே மாட்டாள். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும், எதிர்த்துப் பேசாது. உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனியில் பகல் முழுக்க சூப்பர்வைசரின் வாயைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அது பெரிய நிம்மதி. சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது. போனில் பார்ப்பாள், தப்பாகப் போடுவாள், அதன் மேலேயே திரும்பப் போடுவாள். எட்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

போன வாரம்தான் சத்யப்ரியா வந்தார். குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர். கல்லுப்பு வாங்க வந்த இடத்தில், கம்பெனிச் சுவரில் அமுதவல்லி ஒட்டியிருந்த பூண்டுப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டு அறையில் மாட்ட இதேபோல ஒன்று வேண்டும், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வெளி ஆள் ஒருவர் அவள் படத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று அமுதவல்லி இரண்டு பாக்கெட்டைச் சீல் வைக்காமலேயே அனுப்பிவிட்டாள்.

தூக்கு அவள் புருஷன் சகாதேவனுடையது. உப்பு வாருகிறவன். விடிவதற்கு முன்னால் கூழோடு கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும்போது திரும்புவான். ஒரு வாரத்துக்குத் தூக்கு வேண்டும் என்று கேட்டாள். அதற்கென்ன என்று கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து அவனுக்குக் கூழை ஒரு குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தாள். தூக்கை ஜன்னலோரப் பலகையில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்றாள். வீட்டில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

திங்கட்கிழமை படம் நன்றாக வந்தது. தூக்கின் வயிற்றில் நசுங்கியிருக்கும் ஒடுக்கை இடது பக்கம் போட்டாள். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் ஒடுக்கு நடுவில் இருந்தது. தப்பாகப் போட்டுவிட்டோம் போல என்று அழித்துப் போட்டாள். புதன்கிழமை அது வலது பக்கம் போயிருந்தது. வியாழக்கிழமை இன்னும் மோசம். இரண்டு மணி நேரம் கலந்து பிடித்த அந்த மங்கல் சாம்பல் நிறம் பொய்யாகிவிட்டது. எதிரே தூக்கு பளபளவென்று மின்னியது. காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியதே இல்லை. தூக்கின் மேல் அவளுக்குச் சந்தேகம் வரவே இல்லை. தானாகக் கற்றுக்கொண்டவர்களுக்குச் சந்தேகமெல்லாம் முதலில் தங்கள் மேல்தானே வரும். என் கண்ணே சரியில்லை, எட்டு வருஷமும் வீண் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை தூக்கை அடுக்களையில் போடலாம் என்று எடுத்தாள். அடியில், பலகையின் மேல் பென்சிலால் லேசாக ஒரு வட்டம். அவள் போட்டதில்லை. மூடியைத் திறந்தாள். புளித்த கூழ் வாசனை வந்தது.

சகாதேவன் வாசலில் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் தூக்கை வைத்தாள். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டான்.

"பாட்டில்ல கூழ் இறங்கவே இல்ல, வல்லி. திங்கட்கிழமை பூரா தட்டித் தட்டிப் பார்த்தேன். உன்கிட்ட சொன்னா தூக்கைக் குடுத்துட்டு படத்தை விட்டுடுவ. அதான் சுத்திக் கோடு போட்டுட்டு, தினம் தூக்குலயே ஊத்தி எடுத்துட்டுப் போயி, நீ வர்றதுக்குள்ள அதே எடத்துல திருப்பி வெச்சேன். படத்துக்கு நிக்கிற தூக்காச்சேன்னு மண்ணு போட்டு நல்லா தேய்ச்சும் வெச்சேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு, பின்னாலேயே கண்ணீர். ஒடுக்கு தினம் நகர்ந்தது நிஜம். தூக்கு பளபளத்ததும் நிஜம். தன்னைக் குருடி என்று திட்டிக்கொண்ட நான்கு நாளும் அவள் ஒன்றைக்கூடத் தப்பாகப் பார்க்கவில்லை.

"அப்போ என் கண்ணு சரியாத்தான் பார்த்திருக்குது," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. ஒடுக்கைக் காட்டி விளக்கினாள். இதையெல்லாம்கூடவா பார்ப்பாய் என்று தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெங்காயத்தைத் தொட்டாயா என்று கேட்டாள். சத்தியமாக இல்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்து, புதன்கிழமை ஒன்றே ஒன்று கடித்துக்கொண்டதாகவும், அதே அளவில் வேறு வைத்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டான்.

நாளைக்கும் தூக்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். திரும்ப வைக்கும்போது ஒடுக்கு ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும், வெளிப்பக்கம் தேய்க்கவே கூடாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே போனாள். தூக்கு பலகையில் இருந்தது. வெளிப்பக்கம் உப்பளத்துச் சேறு காய்ந்து மங்கலாக, விளிம்பில் உப்பு பூத்து, அவளுக்கு வேண்டிய அதே சாம்பல் நிறத்தில் இருந்தது. இந்தத் தடவை வட்டத்தைப் பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தான். வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, ஒடுக்கு எந்தப் பக்கம் என்று காட்டியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டதுபோலக் கோணல் அம்பு. வெங்காயம் இரண்டும் பத்திரமாக இருந்தன.

வெளிச்சம் இறங்குவதற்குள் அமுதவல்லி வரைந்து முடித்தாள். கண்ணுக்குத் தெரிந்த எதையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்யப்ரியா படத்தை ஜன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார். பிறகு தூக்கின் அடியைத் தொட்டுக் காட்டி, இந்தக் கோடும் அம்பும் என்ன, வரையும்போது அடையாளத்துக்குப் போட்டு அழிக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த சகாதேவனின் கை நின்றது.

"அதை அழிக்க மாட்டேங்க," என்றாள் அமுதவல்லி. "அது எங்க வீட்டுக்காரர் போட்டது."