எதற்கென்று தெரியாத சம்மதம்

எடை இயந்திரம் விற்கும் அந்தக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில், சிமென்ட் மூட்டையையோ பச்சைக் குழந்தையையோ மேடைமேல் வைத்தால் கண் இமைப்பதற்குள் எடை சொல்லிவிடுவார்கள். ஈமெயில் பார்க்க எந்த மென்பொருளை வாங்குவது என்று தீர்மானிக்க உட்கார்ந்தபோதுதான் முள் நிற்காமல் ஆடியது.

பழைய மென்பொருளுக்கு ஆயுள் முடிந்துவிட்டதாக அதைச் செய்தவர்களே அறிவித்துவிட்டார்கள். வேறு யாராவது என்றால் இன்னொன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். மேலாளர் அப்படிப்பட்ட சாமானியர் அல்லர். கழிப்பறைக்கு வாளி வாங்கவே கமிட்டி போட்டவர். இதற்கும் போட்டார். தலைவர் அவரே. உறுப்பினர்கள் இரண்டு பேர்: கணக்காளர், அப்புறம் வரவேற்பு மேசையில் இருக்கும் ரேடியோ அக்கா. காதில் விழுந்ததை மதியச் சாப்பாட்டுக்குள் மாடிவரை ஒலிபரப்பிவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

"தேர்வு முடியிற வரைக்கும் யாரும் மெயில் பாக்கக் கூடாது" என்று மேலாளர் அறிவித்தார். "பழசையே பாத்துக்கிட்டிருந்தா புதுசைப் பத்தி நடுநிலையா யோசிக்க முடியாது." சொன்ன கையோடு எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றி, கமிட்டி மட்டும் அறிந்த ரகசியமாக்கினார்.

அலுவலகம் மகிழ்ந்தது. மெயில் இல்லையென்றால் வேலையும் இல்லை. ஸ்டோர் கீப்பர் மட்டும் மகிழவில்லை. அவர் மனைவி வேறொரு ஊரில் நர்ஸ். அங்கே மாற்றல் கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். உத்தரவு அந்த வாரம் மெயிலில் வரும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் 'சம்மதம்' என்று மெயிலிலேயே பதில் போகாவிட்டால் மாற்றல் ரத்தாகிவிடும். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தால், "எல்லாம் மெயில்ல வரும்" என்று வைத்துவிட்டார்கள். வாரம் ஒரு முறை பஸ் பிடித்து ஊருக்குப் போகும் அவரை, அவருடைய மகள் பக்கத்து வீட்டாரிடம் "சனிக்கிழமை அப்பா" என்று அறிமுகம் செய்கிறாள்.

கமிட்டியின் முன்னால் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். இன்னொன்று இலவசம்.

"சும்மா குடுக்கிறவன் நம்மகிட்ட எதையோ எடுக்கப் போறான்னு அர்த்தம்" என்றார் மேலாளர்.

"நம்மகிட்ட எடுக்க என்ன சார் இருக்கு?" என்றார் கணக்காளர்.

அதைக் கண்டுபிடிக்கும் வரை செலவு என்ற தலைப்பை மேலாளர் ஒத்திவைத்தார்.

அடுத்தது அந்தரங்கம். ஒருவர் மெயிலை இன்னொருவர் படிக்க முடியக் கூடாது. முடிகிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? "படிச்சுப் பாத்தாத்தானே தெரியும்" என்றார் கணக்காளர். மேலாளரே அசந்துபோனார். மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு, அலுவலகத்தில் இருந்த அத்தனை பேருடைய மெயிலையும் இரண்டு மென்பொருள்களிலும் ஒன்றுவிடாமல் படித்தார்கள். கையில்தான் எல்லா பாஸ்வேர்டும் இருந்ததே, பூட்டு தானாகத் திறந்தது. எல்லாவற்றையும் படிக்க முடிந்ததால் இரண்டிலுமே பாதுகாப்பு போதாது என்று குறிப்பெழுதினார்கள். பிறகு, படித்ததை உரியவர் உட்பட யாரிடமும் மூச்சுவிட மாட்டோம் என்று எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். உரியவர் உட்பட என்பது மேலாளரே சேர்த்தது. கொள்கை என்று வந்துவிட்டால் அவர் அரைகுறையாக எதையும் செய்வதில்லை.

அதிலிருந்து ரேடியோ அக்கா ஊமையானார். ஸ்டோர் கீப்பரைக் கண்டால் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினார். கணக்காளர் ஸ்டோர் ரூமுக்கு வந்து அளவு நாடாவை விரித்தார்.

"என்ன சார் அளக்குறீங்க?"

"சும்மா. காத்து எவ்வளவு வருதுன்னு."

"நாடாவாலயா?"

கணக்காளர் தன் பீரோ அந்த ஜன்னலோரம் அடங்கும் என்று உறுதி செய்துகொண்டு, நாடாவைச் சுருட்டினார். வாசலில் நின்று ஸ்டோர் கீப்பரை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் மனைவியிடம் போனது.

"போய்க் கேளுங்களேன், என்னன்னு" என்றாள் போனில்.

"கேட்டா பிரைவசிங்கறாங்க."

"யாரோட பிரைவசி?"

"என்னோடதுதான்."

"அதை உங்ககிட்டருந்தே காப்பாத்துறாங்களா?"

"ஆமா. ரொம்ப அக்கறையா."

"நல்ல இடத்துல வேலை பாக்குறீங்க போங்க."

மூன்றாவது தலைப்பு வேகம். கிழட்டுக் கணினியில் ஓடுவது எங்கும் ஓடும் என்ற தத்துவத்தின்படி, அலுவலகத்திலேயே மூத்த கணினியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கண் விழிப்பதற்குள் கமிட்டி டீ குடித்துவிட்டு, அரசியல் பேசிவிட்டு, கோபித்துக்கொண்டு, சமாதானமும் ஆகிவிட்டது. விழித்த கணினி தேதியைத் தப்பாகக் காட்டிவிட்டு மறுபடி தூங்கியது. இப்படியே வெள்ளிக்கிழமை மதியம் தாண்டியது.

ஸ்டோர் கீப்பர் கதவைத் தட்டாமலே மேலாளர் அறைக்குள் போனார். மூவரும் உள்ளே இருந்தார்கள்.

"சார், எனக்கு மெயில் வந்திருக்கா?"

"வந்திருக்கா இல்லையான்னு சொன்னாலே ரகசியம் போச்சு."

"என் ரகசியத்தை என்கிட்ட சொல்லுங்கன்னு நான்தானே கேக்குறேன்?"

"எழுத்துல குடுங்க."

ஸ்டோர் கீப்பர் மேசையிலிருந்த காகிதத்தை இழுத்தார்.

"பேப்பர்ல இல்ல. மெயில்ல அனுப்புங்க" என்றார் மேலாளர்.

ஸ்டோர் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அறையில் இருந்த இரண்டு கணினிகளையும் பார்த்தார். மேலாளர் முன்னால் இருந்ததில் காசு மென்பொருள், கணக்காளர் முன்னால் இருந்ததில் இலவசம். ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டார்.

"வேகச் சோதனை இன்னும் முடியலையாமே?"

"சரியான மாதிரிக் கடிதம் கிடைக்கல."

"நான் தர்றேன். என் பேர்ல கடைசியா என்ன கடிதம் வந்திருக்கோ, நான் அதைப் பாக்கவே மாட்டேன், அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். அதுக்கு 'சம்மதம்'னு ஒரு வார்த்தை பதில் போடுங்க. ரெண்டுலயும் போடுங்க. எது முதல்ல போகுதோ அது ஜெயிச்சுது."

மேலாளர் முகத்தில் விளக்கெரிந்தது. அந்தரங்கமும் கெடவில்லை, ஆய்வும் நடக்கும்.

கணக்காளர்தான் தவித்தார். "என்ன கடிதம்னே தெரியாம சம்மதம்னு சொல்லலாமா? நல்லா யோசிச்சுக்கோங்க."

"தம்பி, அதுல ஒரு..." என்று ஆரம்பித்தார் ரேடியோ அக்கா.

"அக்கா! உறுதிமொழி!" என்று மேலாளர் அதட்டினார்.

கைக்குட்டை வாய்க்குள் போனது.

"வீட்டுக்காரி இருக்கிற ஊரா இருந்தா கிணறு வெட்டச் சொன்னாலும் சம்மதம்" என்று சொல்லிவிட்டு, ஸ்டோர் கீப்பர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

போட்டி தொடங்கியது. காசு மென்பொருள் முதலில் வணக்கம் சொன்னது. தன் சிறப்புகளைச் சுற்றிப் பார்க்க அழைத்தது. மேலாளர் மரியாதைக்காரர், மறுக்க மனம் வராமல் சுற்றிப் பார்க்கப் போனார். இலவச மென்பொருள் கம்பெனி பிறந்த நாளிலிருந்து வந்த மெயில்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கியது.

"சார், சுத்திப் பாத்தது போதும், வெளிய வாங்க!" என்று சுவரைப் பார்த்தபடியே கத்தினார் ஸ்டோர் கீப்பர்.

"வழி தெரியல."

"மூலையில பெருக்கல் குறி இருக்கும், அதை அமுக்குங்க!"

"உங்ககிட்ட என்னாச்சு?" என்று மேலாளர் கணக்காளரைக் கேட்டார்.

"போன மேலாளரோட பிரிவு உபசார அழைப்பிதழ் இறங்கிக்கிட்டிருக்கு."

ஸ்டோர் கீப்பரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மணி ஐந்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால், இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன.

"சமம்" என்றார் மேலாளர், பரவசத்தோடு. "மறு ஆய்வு தேவை."

உடனே தொலைபேசி அடித்தது. ரேடியோ அக்கா எடுத்து, காதில் வைப்பதற்குப் பதிலாக ஸ்பீக்கரை அமுக்கினார். தவறுதலாகத்தான் என்று பின்னால் சொன்னார். பேசியது தலைமை அலுவலகம்.

"உங்க ஸ்டோர் கீப்பர் ரெண்டு தடவை சம்மதம்னு அனுப்பியிருக்காரே! அவ்வளவு ஆர்வமா? இந்த இடம்னாலே எல்லாரும் ஓடிட்டாங்க. மாற்றல் உறுதின்னு சொல்லிடுங்க. அங்க ஈமெயில் மென்பொருள் தேர்வு செய்யப் போற கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அந்த வேலை முடியிற வரைக்கும் அந்த ஊரை விட்டு நகர முடியாதுங்கிற நிபந்தனையைப் படிச்சிருப்பார்ல?"

கணக்காளர் தலையைக் குனிந்துகொண்டார். ரேடியோ அக்கா கைக்குட்டையைத் துப்பிவிட்டு, "அதைத்தான் தம்பி சொல்ல வந்தேன்! ஒரு வாரமா எனக்கு நெஞ்சு அடைக்குது!" என்று ஆரம்பித்தவர், மாடி ஏறிப் போகும்போதும் நிறுத்தவில்லை.

ஸ்டோர் கீப்பர் வராந்தாவுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டார். முதலில் மாற்றலைச் சொன்னார். அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி நிபந்தனையைச் சொன்னார்.

"கமிட்டியில எத்தனை பேரு?" என்றாள்.

"நானே போட்டுக்கலாமாம்."

"நிறைய பேரைப் போடுங்க" என்றாள் அவள். "ஒருத்தருக்கொருத்தர் ஆகாதவங்களாப் பாத்துப் போடுங்க."