அறுபத்தெட்டுப் புள்ளி ஒன்று

பிழை அவள் கையால் நேர்ந்தது. யார் தலையிலும் கட்ட முடியாது. புரோகிராமில் அந்த வரியை எழுதியது யார் என்று கோப்பிலேயே பதிவாகியிருந்தது.

பங்குச்சந்தை வரைபடங்களைக் கைப்பேசியில் காட்டும் ஆப் ஒன்றைச் செய்கிற சின்னக் கம்பெனியில் அவள் புரோகிராமர். ஃபிபனாச்சிக் கோடுகள் போடும் வசதியைச் செய்தது அவள்தான். ஏறிய பங்கு இறங்கும்போது எந்த இடத்தில் நின்று திரும்பும் என்று சொல்வதாக நம்பப்படுகிற கோடுகள் அவை. வரைபடத்தில் விலை ஏறத் தொடங்கிய பள்ளத்திலிருந்து உச்சி வரை விரலால் இழுத்தால் அவை விழும். ஏறியதில் 38.2 சதவீதம் இறங்கினால் ஒரு கோடு, பாதிக்கு ஒன்று, 61.8க்கு ஒன்று. அந்த 61.8ஐத்தான் பலரும் தங்கக் கோடு என்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பழைய புரோகிராமைச் சீர்செய்துகொண்டிருந்தபோது அந்த எண் கண்ணில் பட்டது: 0.681. இரண்டு தடவை கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள். கோட்டின் பக்கத்தில் 61.8 என்றுதான் திரை காட்டும். கோடு மட்டும் 68.1இல் விழும். எட்டு மாதமாக அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

காது மடல் சுட்டது. அதைவிட வேறொன்று உறுத்தியது. எட்டு மாதத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மாறாக, பாராட்டுக் கடிதங்கள் வந்திருந்தன. 'தங்கக் கோட்டைத் தொட்டுட்டு அப்படியே திரும்புது, கை குடுங்க' என்று ஒருவர் எழுதியதை மேனேஜர் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எட்டையும் ஒன்றையும் இடம் மாற்றினாள். அடுத்த அப்டேட்டில் 'சிறு திருத்தங்கள்' என்று இரண்டே சொல் போட்டு அனுப்பினாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

நான்காம் நாளிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. கோடு முன்பு போல வேலை செய்யவில்லையாம். பழையதையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

அந்த வாரமே பெரியப்பாவும் போன் செய்தார். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு வரைபடங்களில் இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக மாடியில் பதினோரு பேருக்கு இலவசமாகக் கோடு போடச் சொல்லிக்கொடுத்தார். அவள் ஆப்பை வைத்துத்தான்.

"பாப்பா, உங்க ஆபீஸ்ல யாரோ கோட்டை நோண்டிட்டாங்க. போன மாசம் கரெக்டா திரும்பின இடத்துல இப்போ கோடே இல்லை."

சொல்ல வாய் வரவில்லை. "அப்டேட் ஆனா அப்படித்தான் பெரியப்பா. ஒரு தடவை அழிச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க."

அவர் கோட்டை அழித்து மறுபடி போட்டார். "அந்தப் பள்ளத்துல இருந்து இழுக்காம இதுக்கு முந்தின பள்ளத்துல இருந்து இழுத்தேன். இப்போ பொருந்திடுச்சு. நீ கெட்டிக்காரி!" என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்து இழுக்கிறோம் என்பதை மாற்றிக்கொண்டே போனால் எந்தக் கோடுதான் பொருந்தாது?

அடுத்த பத்து நாள் மதிய இடைவேளைகளில், முந்நூறு பங்குகளின் பத்து வருட விலையை எடுத்துச் சோதித்தாள். உச்சியையும் பள்ளத்தையும் முன்கூட்டியே ஒரு விதி வைத்துத் தீர்மானித்தாள். பிறகு அவற்றில் கை வைக்கவில்லை. 61.8ஐப் போட்டாள், 68.1ஐப் போட்டாள், கணினியையே குலுக்கல் முறையில் எண் எடுக்கச் சொல்லி வந்த 57.3ஐயும் 64.9ஐயும் போட்டாள். எல்லாக் கோட்டருகிலும் விலை ஏறக்குறைய ஒரே அளவில்தான் திரும்பியது. தங்கத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசமில்லை.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கோட்டைக் குடுக்கறது நம்ம வேலை, நம்பறது அவங்க வேலை. சரி பண்ணிட்டே இல்ல? விடும்மா."

ஞாயிற்றுக்கிழமை, வகுப்புக்கு முன்னால் பெரியப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நூலகத்துக்குப் போனாள். பஸ் தாமதம். அவள் நுழையும்போது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"இதுதான் என் தம்பி பொண்ணு. நாம தினமும் பாக்கற கோட்டைப் போட்ட கை இது. கைதட்டுங்க!"

தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பல் டாக்டர், கடைசியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தையல்காரம்மா. அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டாள். தப்பாக அடித்த எண், எட்டு மாதம், சோதனை, எல்லாம்.

பலர் கைப்பேசியை எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ அந்த 68.1தான் அசல் தங்கம்னு சொல்லுங்க! எட்டு மாசம் வேலை செஞ்சுதே!"

குபீரென்று சிரிப்பு. இரண்டு பேர் அதை உண்மையிலேயே குறித்துக்கொண்டார்கள். பெரியப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, எதுவும் எழுதியிராத பலகையைத் துடைத்தார்.

எல்லோரும் போன பிறகு படிக்கட்டில் நின்றார். "போன்லயே சொல்லியிருக்கலாமே, பாப்பா. நான்தான் கூப்பிட்டேனே."

"பயமா இருந்துச்சு, பெரியப்பா."

"நீ எண்ணை மாத்திப் போட்டே. கை தவறிப்போச்சு. தப்பான கோட்டைக் காட்டி, பாருங்க தொட்டுட்டுத் திரும்புதுன்னு வாராவாரம் சொன்னவன் நான். பொருந்தலைன்னா வேற பள்ளத்துல இருந்து இழுத்துக்குவேன். அதை எனக்குத் தெரியாமலா செஞ்சேன்?" கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

மறுநாளே பதினோரு பேர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று கிளம்பினார். அவளும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். பெரும்பாலோர், "அதனால என்ன சார், பொழுதுபோக்குதானே" என்றார்கள். பல் டாக்டர் டீ கொடுத்து, 68.1 பற்றி இன்னொரு தடவை விசாரித்தார்.

கடைசியாகத் தையல்காரம்மா. ஒரே அறையில் மூன்று தையல் மிஷின், வெட்டிய துணிகள் தரையெல்லாம். அவர் எழுந்திருக்கவில்லை, மிஷினை மட்டும் நிறுத்தினார்.

"நாலாவது மிஷினுக்குன்னு சேத்து வெச்சது சார். இறங்க இறங்க, இந்தக் கோட்டுல திரும்பும், அடுத்த கோட்டுல திரும்பும்னு வாங்கினேன். பாதி போயிடுச்சு."

"என்னை மன்னிச்சுடும்மா" என்றார் பெரியப்பா.

"நேத்து டாக்டர் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்களே சார். எனக்கு அதுதான் தாங்கலை."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலைகுனிந்து அவள் பார்த்ததே இல்லை.

"அவரைச் சொல்லாதீங்கம்மா. கோட்டைத் தப்பாப் போட்டது நான்" என்றாள்.

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை, அளவு கேட்கிற மாதிரிதான் கேட்டார். "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

வகுப்புக்கு முந்தின நாள்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"மூணு வாரம் முன்னாடி."

"நான் ரெண்டாவது தடவை வாங்கினது போன வாரம்."

துணியை ஊசிக்கடியில் நேர்படுத்திக்கொண்டு மிஷினை ஓட்டினார். இருவரும் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

பெரியப்பா வகுப்பை நிறுத்திவிட்டார். அவளோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் யாரிடமும் 'என் தம்பி பொண்ணு செஞ்சது' என்று ஆப்பைக் காட்டுவதில்லை.

ஆப்பைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் ஓர் அறிவிப்புப் போட்டே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மேனேஜர் சம்மதித்தார். நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். எண் தவறாக இருந்தது, திருத்திவிட்டோம், இந்தக் கோடுகளை நம்பிப் பணம் போடவேண்டாம் என்று மூன்று வரி. தெரிந்த பிறகும் மூன்று வாரம் சொல்லாமல் மறைத்தேன் என்று நான்காவது வரி.

நான்காவதை மேனேஜர் பேனாவால் அடித்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

அவள் தாளை வாங்கிக்கொண்டு போய் மிச்சத்தைத் தட்டச்சு செய்தாள். மூன்று வரியோடு அறிவிப்பு போனது.