காலுக்கு ஒரு தலையணை

இறந்துகிடந்த டோமினிக்கின் இடது கால்மேல் இரண்டாவது போர்வையைப் போடப்போன பால்சாமியின் கையை ஆக்னஸ் பிடித்துக்கொண்டாள்.

“விடும்மா. பெண்ணாடத்துலேந்து மாப்ள வீட்டுக்காரங்க வர நேரம். யானைக்காலப் பாத்தா ஒன் கல்யாணம் நின்னுடும்.”

“அப்பா காலு, மாமா. களுவணும்.”

தாய்மாமன் பால்சாமி சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் பணியில்தான் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று டோமினிக்கை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, எழுந்திருக்கக்கூடாதென்று உத்தரவு போட்டவரும் அவர்தான். இப்போது துக்கத்துக்கு வந்தவர்களிடம் திரும்பினார்.

“மச்சானுக்கு அந்த நோயே இல்லீங்க. ராத்திரியில பீங்கான் கம்பெனிக்கே போயி நானே ரத்தம் எடுத்தேன். ஒரு புழு கெடையாது. அப்பறம் என்னமோ டெஸ்ட் அட்டைன்னு வந்துது. பகல்ல ஒரு சொட்டு ரத்தம் வச்சா கோடு காட்டுதாம். அட்டையா பெரிசு, மைக்ராஸ்கோப்பு பெரிசா?”

அட்டையில் கோடு விழுந்த அன்று டாக்டர் விளக்கியிருந்தார். ஆள் தூங்கும் நேரத்தில்தான் புழு ரத்தத்துக்கு வரும். சூளையில் வருஷக்கணக்காக நைட் ஷிப்ட் பார்த்துப் பகலில் தூங்கியவர் அப்பா. வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“பாவம் உன் மாமன், புழு தூங்குற நேரமாப் பாத்து வந்து கதவத் தட்டியிருக்காரு. அவருகிட்ட சொல்லிடாத, மனசு ஒடஞ்சிடுவாரு.”

ஆக்னஸ் இப்போதும் சொல்லவில்லை. தினமும் செய்வதுபோல் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துண்டால் ஒற்றினாள். நிமிர்ந்தபோது வாசற்படியில் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தாள். பால்சாமி போர்வையைத் தேடினார். அது ஆக்னஸின் முழங்காலுக்கடியில் இருந்தது.

அந்த அம்மா காலையே பார்த்தாள். சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

உடலைப் பெட்டியில் வைத்ததும் ஆக்னஸ் அப்பாவின் தலைமாட்டிலிருந்த தலையணையை எடுத்துக் காலுக்கடியில் வைத்தாள். உயர்த்தி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பெட்டியின் மூடி பொருந்தவில்லை.

“எடும்மா அத. செத்தவருக்குக் காலு வலிக்குமா?” என்றார் பால்சாமி. அவர் குரலும் கொஞ்சம் உடைந்திருந்தது.

ஆக்னஸ் எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தாள். பெட்டிக்குள் கைவிட்டுக் காலை மெல்லத் தூக்கித் தலையணையை உருவினாள்.

“கொஞ்சம் பஞ்செடுத்தா சரியாப் போவும். நீ காலப் புடிச்சிக்க.”

தரையில் உட்கார்ந்து, பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தாள். இலவம்பஞ்சு அவள் மடியிலெல்லாம் விழுந்துகொண்டிருந்தது.