ஆட்பரோவின் பெயர்த்தகடு

1

பதுளைக் கடைவீதியில் பழைய சாமான் விற்கும் ஒருவர், தராசு மேசையின் ஆட்டத்தை நிறுத்த அதன் ஒரு காலுக்கடியில் பித்தளைத் தகடு ஒன்றைச் செருகி வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கி வந்தேன். இந்தக் கதைக்கு மூலம் அது மட்டுமே. மற்றதெல்லாம் ஊகம். சில இடங்களில் ஊகம்கூட இல்லை, ஆசை.

உள்ளங்கை அகலத் தகடு. ஆங்கில எழுத்துகள் துளைகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்து ஆடம்பரக் கார் ஒன்றின் பெயர். அந்தப் பெயர் கைமாறிக் கைமாறி இன்று யாரிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆகவே அதை எழுதவில்லை. ஆட்பரோ என்று வைத்துக்கொள்கிறேன். [பெயரைக் கழற்றி வேறு பெயரை மாட்டும் வேலையை இந்தக் கதையில் முதலில் செய்தவன் நான்தான்.]

2

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

“1923ஆம் ஆண்டு, பண்டாரவளை ரயில் நிலைய வாசலில் மலை மூடுபனி விலகியபோது, வெள்ளித் தேர் போல ஒரு…”

விட்டுவிட்டேன். தேர் என்றதும் வாசகர் சாமியைத் தேடுவார். உள்ளே இருந்தது லூக்காஸ்.

லூக்காஸ் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கார் டிரைவராக இருந்தான். துரையின் கார்தான் ஆட்பரோ. ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு திருப்பத்தில், துரையே ஓட்டிச் சென்ற நாளில், அது பள்ளத்தில் இறங்கிவிட்டது. துரைக்குக் கால் போயிற்று, காருக்கு இயந்திரம். ஊருக்குக் கப்பலேறும் முன் அவர் ஒரு துண்டுக் கடிதம் எழுதி, நொறுங்கிய வண்டியை லூக்காஸுக்குக் கொடுத்துவிட்டார். லூக்காஸ் பதினொரு மாதம் உழைத்து, கைவிடப்பட்ட ஒரு தோட்டத்து லொறியின் இயந்திரத்தை அதற்குள் இறக்கினான். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றது. அங்கிருந்து பதுளைக்கு வாடகைக்கு ஓட்டினான்.

இயந்திரம் லொறி. உடம்பும் பெயரும் ஆட்பரோ. கல்யாண வீட்டார் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்தார்கள். அது வந்து நிற்கும்போது, யாரும் சொல்லாமலே, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. எழுந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது.

3

லூக்காஸின் மனைவி றீட்டாவை முதல் வரைவில் அழ வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். அவள் அழுகிறவளாக எனக்குத் தோன்றவில்லை. விடியக்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட, வரிசையில் நின்று பன்னிரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். கார் ஓடத் தொடங்கிய பிறகு இருவரும் பதுளையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த அறைக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கார் ஓடாவிட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் லயம்.

4

கொழும்பிலிருந்து மர்ஸூக் வந்தார். ஆட்பரோ வண்டிகளை விற்கும் புதிய ஏஜென்சியின் ஆள். புத்தம் புது ஆட்பரோவிலேயே வந்து, லூக்காஸின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“டிரைவர், இந்தப் பேர் எங்கட. இத நீங்க போட ஏலாது.”

லூக்காஸ் கடிதத்தை எடுத்துக் காட்டினான்.

“வண்டியத் தந்திருக்கார், சரி. பேரத் தாறதுக்கு அது அவர்ட இல்லையே. கம்பெனிட. அந்தக் கம்பெனிய இப்ப வேறொரு கம்பெனி வாங்கிட்டுது.”

“யாருங்க வாங்குனது?”

“அது பெரிய எடம்.”

“உங்க வண்டி வர்ற சத்தத்தக் கேட்டேனுங்க. இஞ்சின் மூடியத் தொறக்கலாங்களா?”

மர்ஸூக் சற்று யோசித்தார். மறுத்தால் எதையோ மறைப்பது போலிருக்கும். திறந்தார். லூக்காஸ் தன்னுடையதையும் திறந்தான்.

[இங்கே நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

இரண்டும் ஒரே இயந்திரம். வார்ப்பில் அதே லொறிக் கம்பெனியின் முத்திரை. போருக்குப் பின் நொடித்துப்போன ஆட்பரோவை வாங்கியிருந்தது அந்த லொறிக் கம்பெனிதான். தன் இயந்திரத்தின் மேல் புது உடம்பொன்றைக் கவிழ்த்து, வாங்கிய பெயரை மாட்டி அனுப்பியிருந்தது. ஹல்துமுல்லைப் பள்ளத்துக்குப் பிறகு லூக்காஸ் செய்ததை, கடலுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை முழுவதும் செய்துகொண்டிருந்தது.

“எனக்குப் பதினோரு மாசம் ஆச்சுங்க. அவங்களுக்கு எம்புட்டு நாளு?” என்றான் லூக்காஸ்.

மர்ஸூக் பழைய வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தார். அது மெத்தென்று, கனத்து மூடிக்கொண்டது. இறங்கித் தன் வண்டியின் கதவைச் சாத்தினார். தகரம் அதிர்ந்தது. மறுபடி பழைய கதவுக்கே போனார்.

“இதச் செஞ்சவங்க எங்க போனாங்க?” என்று கேட்டார். லூக்காஸைக் கேட்டது போல இல்லை.

பிறகு லூக்காஸ் பக்கம் திரும்பினார். “பேர்த்தகட்ட வாங்கிட்டு வரச் சொல்லி உத்தரவு. இல்லாட்டி பொலிஸோட வரணும். வெள்ளிக்கிழம வாறன். ஒரு தகடு தந்தாச் சரி. அதுக்குப் பொறகு இந்தப் பக்கம் எனக்கு அலுவல் இல்ல.”

அந்தத் தகடு என்னாமல் ஒரு தகடு என்று அவர் தெரிந்துதான் சொன்னாரா? எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளலாம். தெரியாது.

5

சற்றுக் கதையை நிறுத்துகிறேன். தோட்டங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

லூக்காஸ் பிறந்த தோட்டத்துக்கு முப்பது வருடத்தில் மூன்று ஆங்கிலப் பெயர்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் வாசல் பலகை மாறியது. லயத்து ஆட்கள் மட்டும் பொன்னையா தோட்டம் என்றார்கள். முதன்முதலில் ஆட்களைக் கூட்டிவந்த கங்காணியின் பெயர் அது. வாங்கியவர்கள் ஒருவரும் அந்தப் பெயரை வாங்கவில்லை, விற்றவர்களும் விற்கவில்லை. மூன்றாவது கம்பெனி பக்கத்துத் தோட்டத்தையும் வாங்கி, அதன் சுமாரான தேயிலையைப் பொன்னையா தோட்டத்துப் பெட்டியில் அடைத்தது. பெட்டியின் மேல் எழுத்து வெட்டிய எந்தத் தகட்டை வைத்துக் கறுப்பு மை பூசுகிறோமோ, அதுதான் தேயிலையின் ஊர்.

அந்த மார்க் தகடுகளை வெட்டியவர் பதுளை வாஹித்.*

* மார்க் தகட்டில் வட்டமுள்ள எழுத்துகளின் நடுத்துண்டு விழுந்துவிடாதிருக்க, அதைச் சுற்றோடு பிணைக்க ஒரு சிறு கீற்றை வெட்டாமல் விடுவார்கள். இந்தக் கீற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதால், வாஹித் எந்தத் தகட்டையும் இரண்டிரண்டாகவே வெட்டுவார்.

6

“நானா,” என்று அண்ணன் முறை வைத்து வாஹித்தைக் கூப்பிட்டான் லூக்காஸ், “இதே மாதிரி ஒண்ணு வெட்டித் தரணும்.”

வாஹித் அசல் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் நடுத்துண்டுகள் பின்னாலுள்ள கறுப்புத் தகட்டில் தனியாகப் பதிக்கப்பட்டிருந்தன.

“என்னா வேல இது,” என்றார் மெதுவாக. “அரத்துட அடையாளமே இல்லையே. எந்தத் தோட்டத்து மார்க்?”

“தோட்டமில்ல நானா, காரு.”

“காருக்கும் மார்க்கா? அதுவும் பொட்டில ஏறித்தானே வருது. சரி, வியாழக்கிழம வா.”

வியாழக்கிழமை லூக்காஸ் நகலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். எழுத்து அச்சாக அதே எழுத்து. ஆனால் ஒவ்வொரு வட்டத்திலும் மேலும் கீழும் மெல்லிய கீற்று. இருபத்தைந்து வருடம் தேயிலைப் பெட்டிக்கு வெட்டிய கை, நடுத்துண்டைத் தனியாக விடச் சம்மதிக்கவில்லை.

“நானா, இது எதுக்கு?”

வாஹித் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“அது இல்லாட்டி விழுந்திருமே,” என்றார். பிறகு, “தூரத்துலேருந்து பாக்கக்குள்ள தெரியா,” என்றார்.

இரண்டாவது நகலைப் பழக்கப்படி சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார்.

7

அன்று மாலை றீட்டா இரண்டு தகடுகளையும் பாயில் வைத்துப் பார்த்தாள்.

“இது நல்லது. இது நானா செஞ்சது. என்னா செய்யப் போறீங்க?”

“அந்தாளுக்கு நானா செஞ்சதக் குடுத்துறலாம்னு பாக்குறேன்.”

“கொழும்புல கண்ணாடி போட்டவன் ஒருத்தன் பாத்தான்னா? பொலிசு வரும். வண்டி போகும். நான் மறுபடி பெரட்டுல நிக்கணும்.”

“அப்ப நல்லதக் குடுக்கவா?”

“குடுத்துட்டு நிம்மதியா இருங்க. நானா செஞ்சத மாட்டிக்கங்க. யாரு குனிஞ்சு கிட்ட வந்தா அதப் படிக்கப் போறா?”

“எனக்குத் தெரியுமில்ல.”

“தெரிஞ்சிட்டுப் போகுது. இஞ்சின் லொறின்னும் உங்களுக்குத் தெரியும். ஓட்டலியா?”

லூக்காஸ் அசல் தகட்டைச் சட்டை நுனியால் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

8

வெள்ளிக்கிழமை காலை. லூக்காஸின் வலது பையில் ஒரு தகடு, இடது பையில் ஒன்று. வண்டியின் முன்புறம் நான்கு வெறுந்துளைகள். மர்ஸூக் கையை நீட்டினார்.

“டிரைவர், எடுங்க.”

லூக்காஸ்…

நான் மிகவும் எழுத விரும்பிய முடிவைச் சொல்லிவிடுகிறேன். லூக்காஸ் நகலைக் கொடுக்கிறான். லொறிக் கம்பெனி பெயரை வாங்கியதே தவிர, பழைய அச்சு எதுவும் அதனிடம் இல்லை. ஆகவே கொழும்பில் அந்தத் தகட்டை அசலென்று நம்பிக் கப்பலேற்றுகிறார்கள்; தொழிற்சாலை அதையே அச்சாக வைத்துக்கொள்கிறது. அடுத்த வருடம் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு ஆட்பரோவின் நெற்றியிலும், வட்டங்களின் மேலும் கீழும் மெல்லிய கீற்று. பதுளைத் தேயிலைப் பெட்டியின் கீற்று உலகமெங்கும் ஓடுகிறது; அது எதற்கென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்த முடிவை நான் மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் உடம்பு சிலிர்த்தது. அதனாலேயே அதை நம்பவில்லை.

றீட்டா சொன்ன முடிவு எளிது. அசலைக் கொடுத்துவிட்டான், தாழ்ப்பாள் உள்ள அறையில் இருந்தார்கள். அதை எழுதும்போதெல்லாம், அவன் சட்டை நுனியால் துடைத்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

9

ஒன்று மட்டும் நிச்சயம். நானே உருவாக்கியதால் நிச்சயம். மறுநாள் பூனாகலையில் ஒரு கல்யாணம். ஆட்பரோ தெரு முனையில் திரும்பியபோது ஆட்கள் எழுந்து நின்றார்கள். அன்று அதன் நெற்றியில் இருந்தது எந்தத் தகடு என்று அவர்கள் எழுந்த விதத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கூட்டத்துக்குள் போய் நின்று பார்த்தேன்.

என் மேசையில் இருக்கும் தகட்டில் கீற்றுகள் இருக்கின்றன. ஆகவே அது வாஹித் வெட்டியது. அவர் வெட்டியவை இரண்டு. இது காரில் ஓடியதாக இருந்தால், லூக்காஸ் அசலைக் கொடுத்துவிட்டான். கடைசிவரை ஆணியில் தொங்கிய இரண்டாவது தகடாக இருந்தால், இதைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

மூலைத் துளைகள் நான்கும் பச்சைக் களிம்பால் அடைபட்டிருக்கின்றன. ஊசியால் சுரண்டினால், காரில் மாட்டிய திருகாணியின் வடு இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஊசி எடுத்து வைத்தேன். அது தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் தொடப்போவதில்லை. நீங்கள் வந்தால், கதவு திறந்திருக்கும்.